எட்டு வாரச் சமையல்

வைஷ்ணவி மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். கால் தடுக்கவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள் வேகம் குறைந்து, நடையாகி, பள்ளிக்கூட மைதானத்துச் செம்மண்ணில் மெல்ல உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அந்தப் பள்ளிக்கூடமே அவளைத்தான் நம்பியிருந்தது. பி.டி. டீச்சர் செல்வராணி முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். போகிற வழியிலேயே வைஷ்ணவியின் அம்மாவுக்குப் போன் போட்டார்.

அம்மா அமுதவல்லி அப்போதுதான் பூந்தோட்டத்திலிருந்து திரும்பியிருந்தாள். கீரமங்கலத்தைச் சுற்றி மல்லிகையும் முல்லையும் அதிகம். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்தால்தான் மார்க்கெட்டில் விலை போகும். விடியும்போதே சோறும் குழம்பும் வைத்து மூடிவிட்டுக் கிளம்புகிறவள், வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். பிள்ளைகள் அதற்குள் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். போனில் சேதி கேட்டதும் சாப்பிட எடுத்த தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

நர்ஸ் புவனேஸ்வரி வைஷ்ணவியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தார்.

“ரத்த அளவு எட்டு புள்ளி ரெண்டு. பன்னெண்டு இருக்கணும். இந்த ரத்தத்த வச்சுக்கிட்டு ஒங்க மக இத்தன நாளு ஓடுனதே பெருசும்மா.”

“செப்டம்பர் கடைசியில மாவட்டப் போட்டி இருக்கு சிஸ்டர்,” என்றார் செல்வராணி டீச்சர். “மெடிக்கல் பாரத்துல கையெழுத்து வேணும்.”

“பத்துக்கு மேல வரட்டும், டாக்டர்ட்ட நானே வாங்கித் தாரேன். பத்துக்குக் கீழ இருந்தா பாரத்த உள்ளயே அனுப்ப மாட்டேன். மறுபடி மைதானத்துல விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“அதுக்கு எத்தன நாளு இருக்கு டீச்சர்?” என்று கேட்டாள் அமுதவல்லி.

“எட்டு வாரம் இருக்கும்மா.”

“எட்டு வாரம் போதும்.”

அவள் சொன்ன விதத்தைக் கேட்டுப் புவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இவள் என்னென்ன சமைத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். கீரை, பயறு, சின்ன மீன், முட்டை, நிலக்கடலை, சுவரொட்டி எனும் ஆட்டு மண்ணீரல் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே போக, அமுதவல்லி ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் விலை போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். தினம் ஒன்று, தவறாமல் போட வேண்டும்.

அமுதவல்லியின் தைரியம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அவள் வீட்டுக்காரர் முத்துராமன் தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறவர். சனிக்கிழமை கூலி வாங்கியதும் சமையல் செலவுக்கென்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை அவள் கையில் கொடுத்துவிடுவார். வாரம் முழுக்க ஐந்து பேர் அதில்தான் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் இருவர், வைஷ்ணவி, நான்காம் வகுப்புப் படிக்கும் இனியா, மாமனார் ஆவுடையப்பன். பூப்பறிக்கிற கூலி மகளிர் குழுக் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் போய்விடும். அதில் அவள் கை வைப்பதில்லை. கல்யாணமாகி வந்த பதினேழு வருஷத்தில் எந்த வெள்ளிக்கிழமையும் அவள் பக்கத்து வீட்டுக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு போனதில்லை. சந்தையில் கத்தரிக்காய் எத்தனை மணிக்கு விலை இறங்கும், எந்தக் கடைக்காரர் கடைசி வாழைப்பூவைச் சும்மா தூக்கிப் போடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பீர்க்கங்காய் வாங்கினால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. அந்தக் கையோடுதான் எட்டு வாரம் போதும் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் முத்துராமனின் அக்கா கண்ணாத்தாள் திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். பையில் ஏழு மாதுளம்பழம், ஒரு டப்பா பேரீச்சம்பழம், ஒரு டானிக் பாட்டில்.

“அமுதா, தெனம் ஒரு மாதுள, பத்துப் பேரீச்ச, ரெண்டு வேள இந்த டானிக்கு. எங்க பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு இதுலதான் ரத்தம் ஊறுச்சு. இது இந்த வாரத்துக்கு. அடுத்து நீ வாங்கிக் குடுத்துரு.”

“வாரத்துக்கு எவ்வளவுங்க அண்ணி ஆகும்?”

“ஒரு எண்ணூறு ஆகும். புள்ளைய விடவா காசு?”

“புள்ளதாங்க பெருசு. ஆனா எண்ணூற இதுக்குக் குடுத்துட்டா மிச்ச எழுநூறுல சோறு பொங்கணும். அந்தச் சோத்தத் திங்கிற அஞ்சு பேருல இவளும் ஒருத்தி. காலையில மாதுளயத் தின்னுட்டு மத்தியானம் ரசஞ்சோறு தின்னா கால் ஓடுமா?”

“என்னமோ போ. நீ பண்றதுதான் ஒனக்குச் சரி,” என்று கண்ணாத்தாள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். கோபம் இருந்தது. ஆனாலும் பழங்களை வைத்துவிட்டுத்தான் போனாள்.

அமுதவல்லி பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, இனியாவின் ஸ்கேலால் கோடு போட்டாள். மேலே ஏழு கிழமை, பக்கத்தில் மூன்று வேளை. முதலில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

“கோழி போகட்டும்,” என்றாள். “ஒரு கிலோ பிராய்லர் காசுல வாரம் பூராவும் முட்டையும் ரெண்டு தடவ மீனும் வாங்கிரலாம்.”

கட்டிலில் இருந்த ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஞாயித்துக்கெழம கறி வாசம் வராத வீடா? பாக்குறவங்க என்னாத்தா நெனப்பாங்க?”

“மீன் வாசம் வரும் மாமா. மூக்கு உள்ளவங்க நல்லதாவே நெனப்பாங்க.”

மண்டியில் நாள் முழுக்கக் கடப்பாரையில் தேங்காயைக் குத்தி உரிக்கிற முத்துராமனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோழிதான் வாரத்தின் ஒரே ருசி. “எட்டு வாரந்தானே,” என்று மட்டும் சொன்னார்.

கட்டுமாவடியிலிருந்து செபமாலை மொபட்டில் ஐஸ் பெட்டி கட்டி மீன் கொண்டு வருவார். விலை மீனும் வஞ்சிரமும் முன்தெருவிலேயே தீர்ந்துவிடும். இவள் தெருவுக்கு வரும்போது பெட்டியின் அடியில் சூடையும் காரலும்தான் கிடக்கும்.

“இனிமே செவ்வாயும் ஞாயிறும் எனக்கு அரைக் கிலோ சின்ன மீனு எடுத்து வச்சிருங்கண்ணே. நீங்க கட்டக் கடைசியா வந்தாலும் நான் வாங்கிக்கிறேன். வெல மட்டும் கடைசி வெலையா இருக்கணும்.”

“சூடையக் கேட்டு வாங்குற மொத ஆளு நீதாந் தங்கச்சி,” என்று செபமாலை சிரித்தார். ஆனால் எடுத்து வைத்தார்.

பூந்தோட்டத்து வேலியில் முருங்கை தழைத்து நின்றது. தோட்டக்காரரிடம் கேட்டு வாரம் மூன்று நாள் கை நிறைய ஒடித்து வந்தாள். திங்கள் முருங்கைக்கீரைப் பொரியலும் தட்டைப்பயறுக் குழம்பும். செவ்வாய் சூடை. புதன் கொள்ளு ரசம், கீரைக் கூட்டு. காலையில் இரண்டு நாள் கம்பு தோசை. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கடலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கறிக்கடையில் சொல்லிவைத்து ஒரு சுவரொட்டி. முட்டை வாரத்துக்குப் பதினான்கு: வைஷ்ணவிக்கு ஏழு, இனியாவுக்கு நான்கு, முத்துராமனுக்கு மூன்று. ஆவுடையப்பன் முட்டை தொடமாட்டார்.

இரண்டாம் நாளே இனியா கேட்டாள். “அக்காவுக்கு மட்டும் தெனமும் முட்ட. எனக்கு மட்டும் ஏன் நாலு?”

அமுதவல்லி சமாளிப்பு எதுவும் சொல்லவில்லை. “அக்காவுக்கு ரத்தம் கொறஞ்சு கெடக்கு. செப்டம்பர் வரைக்கும் அவளுக்குக் கூட. அக்டோபர் ஒண்ணாந்தேதியிலேருந்து சமமாப் பிரிப்பேன். இந்தா, தாள்ல எழுதிருக்கேன்.”

இனியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். தேதி போட்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் திருப்தியாகிவிட்டது.

நான்கு வாரம் இப்படியே போனது. ஒரு நாள்கூட அமுதவல்லி தாளைத் தாண்டவில்லை, ஒரு வாரம்கூட ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு, பரீட்சை நன்றாக எழுதியவள் ரிசல்ட் பார்க்கப் போவதுபோல ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எட்டு புள்ளி ஐந்து.

“இன்னொரு தடவ பாருங்க சிஸ்டர்.”

புவனேஸ்வரி இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். அதே எட்டு புள்ளி ஐந்து.

அமுதவல்லிக்குக் கண்ணாத்தாளின் முகம் வந்துபோனது. கோழி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பேசாமல் சாப்பிட்டு எழுந்த முத்துராமன் நினைவுக்கு வந்தார். ஆனால் சமையலில் தப்பு இருப்பதாக மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

“இதுல எங்க கொறைன்னு சொல்லுங்க.”

புவனேஸ்வரி தாளை முழுக்கப் படித்தார். “இதுல ஒரு கொறையும் இல்லம்மா. இத நானே ஒரு காப்பி எடுத்துக்கிறேன்,” என்றவர் வைஷ்ணவியின் பக்கம் திரும்பினார். “மாத்திரை போடுறியா?”

“தெனமும் போடுறேன் சிஸ்டர்.”

“எப்ப போடுற? எதக் குடிச்சுப் போடுற?”

“காலையில சாப்புட்டதும். தாத்தா டீ போட்டுத் தருவாங்க. அந்த டீயிலதான் முழுங்குவேன். தண்ணியில போட்டா ஒமட்டுது.”

“சாயங்காலம்?”

“பள்ளிக்கொடம் விட்டு வந்து சாப்புட்டதும் தாத்தாவுக்குப் போடுறதுல எனக்கும் ஒரு டம்ளர்.”

புவனேஸ்வரி பேனாவை மூடி வைத்தார். “ஒங்க அம்மா ஊட்டுறத எல்லாம் டீ வெளிய தள்ளிருது. சாப்பாட்டோடயும் மாத்திரையோடயும் டீ குடிச்சா இரும்புச்சத்து ஒடம்புல ஒட்டாது. நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும். மாத்திரைய எலுமிச்சந் தண்ணியில போடு.” பிறகு ஏதோ நினைவு வந்து, “ரேஷன் அரிசிதானே? அதுல வெள்ளையா, ஒரு மாதிரி மழமழன்னு கொஞ்சம் அரிசி கெடக்குமே, அத என்ன பண்றீங்க?” என்றார்.

“அது பிளாஸ்டிக் அரிசின்னு மாமா தெனம் ஒக்காந்து பொறுக்கிப் போட்டுருவாரு.”

“அது பிளாஸ்டிக் இல்லம்மா. இரும்புச்சத்து சேத்த அரிசி.”

அமுதவல்லிக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் ஆத்திரமும் வந்தன. காலையில் அவள் பூப்பறிக்கப் போய்விடுவாள். சாயங்காலம் சந்தைக்கோ தண்ணீருக்கோ போய்விடுவாள். அந்த நேரம் பார்த்து வீட்டில் நடந்த டீக்கடை அவள் தாளில் எப்படி ஏறும்?

வீட்டுக்கு வந்ததும் மாமனார் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நர்ஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். ஆவுடையப்பன் முகம் சுருங்கிவிட்டது.

“ரெண்டும் நானா செஞ்சேன்?”

“தெரியாமத்தானே மாமா செஞ்சீங்க. எனக்குந்தான் தெரியல.”

“அந்தப் புள்ளைக்கு நான் குடுக்குறது அந்த ஒரு டம்ளர் டீதான். என் பென்சன் காசுல டீத்தூளு வாங்கி…” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் வரை வரவில்லை. வந்தபோது கையில் நான்கு எலுமிச்சம்பழம் இருந்தது. “ஒண்ணு அஞ்சு ரூவாயாம், அநியாயம்,” என்று சொல்லிக்கொண்டே சமையல்கட்டில் வைத்தார். மறுநாளிலிருந்து காலையில் டீ கொதிக்கவில்லை, அரிசி பொறுக்கவும் அவர் உட்காரவில்லை. வைஷ்ணவி சாப்பிட்டு முடிக்கும்போது எலுமிச்சந் தண்ணீரோடு அவர் நிற்பார். மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை நகரமாட்டார். அமுதவல்லி டீயை அடியோடு நிறுத்தவில்லை. சாயங்காலம் பசிக்குக் கடலை, ஓடிவிட்டு வந்து ஏழு மணிக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம் விட்டதும் நாலரைக்குத் தாத்தாவோடு டீ என்று நேரத்தை மாற்றி எழுதினாள். “கடல ஆறரைக்குத்தான்,” என்று அடிக்கோடு போட்டாள்.

ஆறாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் மண்டிக்கு லோடு வரவில்லை. சனிக்கிழமை முத்துராமன் தொள்ளாயிரம் ரூபாயை நீட்டினார்.

“இவ்வளவுதான் அமுதா. முட்டைய நிறுத்திருவமா?”

“முட்டையில கை வைக்க மாட்டேன்,” என்றாள். தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். தட்டைப்பயறு போய், டப்பாவில் கிடந்த கொள்ளு வந்தது. காய்கறி மூன்று நாளைக்கு நின்றது. மழைக்குத் தழைத்த முருங்கையும் வேலியோரத்துப் பண்ணைக்கீரையும் வந்தன. செபமாலையிடம் அரைக் கிலோ மீனுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தாள். “வீட்டுக்காரி இன்னிக்கி என்னையத் திட்டமாட்டா,” என்று அவர் வாங்கிக்கொண்டார். பாலைப் பாதியாகக் குறைத்தபோது ஆவுடையப்பன் தானாகவே சொன்னார். “எனக்கு ஒரு வாரம் வரக்காப்பி போதும்த்தா.”

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை தாக்குப்பிடித்து, பன்னிரண்டு ரூபாய் மிச்சமும் இருந்தது. அந்தப் பன்னிரண்டுக்குக் கடலை மிட்டாய் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

எட்டாம் வாரம் புவனேஸ்வரி மெஷினைப் பார்த்துவிட்டு, செல்வராணி டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். பத்து புள்ளி நான்கு. டீச்சர் வைஷ்ணவியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பாரம் உள்ளே போய்க் கையெழுத்தோடு வந்தது.

எழுந்து கிளம்பப் போன அமுதவல்லியை நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஒக்காருங்க. நகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ஒங்களுக்கும் ஒண்ணு பாத்துருவோம்.”

“எனக்கு என்ன சிஸ்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்.”

ஏழு புள்ளி ஒன்பது.

வைஷ்ணவி அம்மாவின் பையிலிருந்து தாளை உருவி விரித்தாள். முட்டைக் கட்டத்தில் விரலை வைத்தாள். ஏழு, நாலு, மூணு. மீன் கட்டத்தைப் பார்த்தாள். எட்டு வாரமும் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டது அவளுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது.

“ஒம் பேரு எங்கம்மா இதுல?”

அமுதவல்லி தாளை எட்டிப் பார்த்தாள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. தியாகம் என்று நினைத்தும் செய்யவில்லை. ஐந்து பேர் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். தாளில் எழுதும்போது கை தானாக நான்கு பேரோடு நின்றுவிட்டது. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. கூச்சமாக இருந்தது. பதினேழு வருஷமாக யாரிடமும் கடன் கேட்காத கெட்டிக்காரத்தனம் முழுக்கத் தன் தட்டிலிருந்துதான் வந்ததோ என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணமே அப்படி இல்லை என்றும் தெரிந்தது. அந்தத் தொள்ளாயிரம் ரூபாய் வாரத்தை ஓட்டியது பட்டினி இல்லை, மூளைதான். அந்த மூளையால் ஒரு தட்டைக் கூட்டிப் போடவும் முடியும்.

“டீச்சர், பேனா குடுங்க,” என்றாள். முட்டைக் கட்டத்தில் ஏழை அடித்து ஐந்தாக்கினாள். முத்துராமனின் மூன்றைத் தொடவில்லை. பக்கத்தில் தன் பெயரை எழுதி ஐந்து போட்டாள். கூட்டிப் பார்த்தாள். மூன்று முட்டை கூடுதல். “இருவது ரூவா. அத நான் பாத்துக்கிறேன். எனக்கும் எட்டு வாரம் குடுங்க சிஸ்டர்.”

புவனேஸ்வரி சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டையை நீட்டினார். “டீயில போடாதீங்க.”

போட்டி புதுக்கோட்டையில் நடந்தது. முதல் இரண்டு சுற்றில் வைஷ்ணவி ஐந்தாவதாக ஓடினாள். மூன்றாவது சுற்று வந்தபோது அமுதவல்லி மைதானத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வைஷ்ணவி உட்காரவில்லை. வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள், கடைசி நூறு மீட்டரில் இன்னொருத்தியை. மூன்றாவதாக முடித்தாள். மாநிலப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான்.

அழுவாள் என்று நினைத்து அமுதவல்லி ஓடினாள். வைஷ்ணவி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“அம்மா, முடிச்சப்பறமும் எனக்கு மூச்சு மிச்சமிருக்கு. இன்னும் முன்னாடியே வேகம் எடுத்திருக்கணும். அடுத்த வருசம் பாரு.”

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பேருக்கு ஒரு சீட் கிடைத்து இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆலங்குடி தாண்டியதும் வைஷ்ணவி டிபன் பாக்ஸைத் திறந்து, உரித்த முட்டையை அம்மா கையில் வைத்தாள். அமுதவல்லி அதைப் பிட்டுப் பாதியை நீட்டவில்லை. முழுசாகச் சாப்பிட்டாள். உப்பும் மிளகும் சரியாக இருந்தன.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம,” என்றாள் வைஷ்ணவி. “அப்பா கோழி எடுக்கச் சொல்லிருக்காரு.”

“எடுப்போம். இந்த வாரம் கொள்ளும் கடலையும் வீட்டுல கெடக்கு, கணக்குல எடம் இருக்கு.” அமுதவல்லி விரல்களைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். “ஈரல் மட்டும் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன், ஒந் தங்கச்சி வந்து கேட்டாலும் கெடையாது.”